பதினைந்து ஓட்டு

அமெரிக்க பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் ஏன் சில மகா ஆட்டக்காரர்கள் இல்லை என்று யாரிடம் கேட்டாலும் மூன்று பெயர்கள்தான் வரும். சூதாடிய பீட் ரோஸ். ஊக்கமருந்துப் பேச்சில் சிக்கிய பேரி பாண்ட்ஸ், ரோஜர் க்ளெமன்ஸ். இவர்களை உள்ளே விடலாமா கூடாதா என்று வருஷக்கணக்காக ஒரு பட்டிமன்றம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நடுவர் தீர்ப்பே சொல்லாத பட்டிமன்றம்.

எனக்கு அந்தப் பட்டிமன்றத்தின் மேலேயே எரிச்சல். அதனால் லாபம் அடைவது யார் தெரியுமா? ஹால் ஆஃப் ஃபேம்தான். "வெளியே நிற்பவன் ஏதோ தப்பு செய்ததால் நிற்கிறான்" என்ற எண்ணத்தை அது நம் தலைக்குள் சத்தமில்லாமல் இறக்கிவிடுகிறது. கதவு நியாயமானது, காவலாளி நேர்மையானவன், ஆள்தான் சரியில்லை. எவ்வளவு வசதியான கதை!

இந்தக் கதையில் லூ விட்டேக்கரை எங்கே வைப்பீர்கள்?

சூதாடவில்லை. எந்த ஊசியிலும் அவர் பெயர் இல்லை. 1977 முதல் 1995 வரை டெட்ராய்ட் டைகர்ஸ் என்ற ஒரே அணிக்கு செகண்ட் பேஸ் இடத்தில் ஆடினார். 2,369 ஹிட், 244 ஹோம் ரன், 1978இல் சிறந்த புதுமுகம், 1984இல் வேர்ல்ட் சீரிஸ் கோப்பை. 2001இல் முதல்முறையாக அவர் பெயர் ஓட்டுக்கு வந்தது. 515 பேர் ஓட்டுப் போட்டார்கள். விட்டேக்கருக்கு விழுந்தது 15. அதாவது 2.9 சதவீதம். ஐந்து சதவீதத்துக்குக் கீழே போனால் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்பது விதி. நீக்கினார்கள். பத்தொன்பது வருட ஆட்டத்தை ஒரே ஒரு குளிர்காலத்தில் ஃபைல் மூடிவிட்டார்கள்.

ரோஸும் பாண்ட்ஸும் துரத்தப்பட்டவர்கள். விட்டேக்கர் கைதவறிக் கீழே விழுந்தவர். துரத்தப்பட்டவனுக்காவது ஒரு கூட்டம் கோஷம் போடும். கைதவறியவனைக் குனிந்து எடுக்கக்கூட ஆளில்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

இயந்திரத்தைத் திறந்து பார்ப்போம்

நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஒரு சிஸ்டம் தப்பான விடை கொடுத்தால் முதலில் உள்ளே போன தரவைத் திட்டக்கூடாது, விதிகளைப் படிக்கணும் என்று எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். படிப்போம்.

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்றொரு சின்ன ஊர். அங்கேதான் இந்த மண்டபம். 1936இல் முதல் ஐவரைத் தேர்ந்தெடுத்தார்கள், 1939இல் கட்டடம் திறந்தது. தேர்வானவர்களுக்கு ஒரு வெண்கலத் தகடு. குறைந்தது பத்து சீசன் ஆடியிருக்கணும், ஓய்வு பெற்று ஐந்து வருடம் கழியணும். அப்புறம் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் பத்து வருடம் உறுப்பினராக இருந்த பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஒருவர் அதிகபட்சம் பத்துப் பெயர்களை டிக் செய்யலாம். 75 சதவீதம் வாங்கினால் உள்ளே. ஐந்துக்குக் கீழே போனால் வெளியே. நடுவில் இருந்தால் அடுத்த வருடம் மறுபடி. இப்படிப் பத்து முறை. 2014 வரை பதினைந்து முறை என்று இருந்தது. இதிலும் தேறாதவர்களுக்கு, பதினாறு பேர் கொண்ட சிறு குழுக்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை கூடும். அங்கே பன்னிரண்டு ஓட்டு வேண்டும்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான விதிகள்தான். 75 சதவீதம் கௌரவத்தைக் காப்பாற்றுகிறது. ஐந்து சதவீத விதி பட்டியலை வீங்கவிடாமல் வைக்கிறது. பத்துப் பெயர் வரம்பு தாராளக் கைகளைக் கட்டுகிறது. சிக்கல் இவை ஒன்றோடொன்று மோதும் இடத்தில் இருக்கிறது.

எழுதப்படாத ஒரு பழக்கமும் உண்டு. முதல் வருடத்திலேயே தேர்வாவது தனி மரியாதை, அதை எல்லாருக்கும் கொடுக்கக்கூடாது என்று பல எழுத்தாளர்கள் நினைக்கிறார்கள். "நல்ல ஆட்டக்காரர்தான், அடுத்த வருஷம் போடுவோம்." இந்த மனநிலை எவ்வளவு பழையது என்றால், 1936இல் பேப் ரூத்துக்கே 226 பேரில் 11 பேர் ஓட்டுப் போடவில்லை. வில்லி மேஸுக்கு 1979இல் 23 பேர் போடவில்லை. 2019இல் மரியானோ ரிவேராவுக்கு முன்னால் ஒருவர்கூட நூறு சதவீதம் வாங்கியதில்லை. அதற்கு அடுத்த வருடமே டெரிக் ஜீட்டருக்கு ஒரே ஒரு ஓட்டு குறைந்தது. 2025இல் இச்சிரோவுக்கும் அதே ஒன்று. அந்த ஒருவர் யார், என்ன காரணம் என்று ஊருக்குத் தெரியாது. ஓட்டுகளை எல்லாம் வெளிப்படையாக்க வேண்டும் என்று 2016 டிசம்பரில் எழுத்தாளர் சங்கமே பெருவாரியாக முடிவெடுத்தது. மறுத்தது ஹால் ஆஃப் ஃபேம் நிர்வாகம்.

ரூத்தும் மேஸும் அந்த அலட்சியத்தைத் தாங்கிவிடுவார்கள். அமைதியாக ஆடிய ஒருவனால் தாங்க முடியாது. "அடுத்த வருஷம் போடுவோம்" என்று நூறு பேர் நினைத்தால் அவனுக்கு அடுத்த வருஷமே இருக்காது. எழுதப்படாத பழக்கம் அவனைக் காத்திருக்கச் சொல்கிறது. எழுதப்பட்ட விதி காத்திருக்க இடம் தர மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் விட்டேக்கர் விழுந்தார்.

முதல் வருட ஓட்டு எதையும் சொல்வதில்லை

"ஐந்து சதவீதம்கூட வாங்க முடியாதவன் எப்படி மகா ஆட்டக்காரன்?" என்று கேட்பார்கள். கேள்வி கேட்க நன்றாக இருக்கிறது. எண்களைப் பார்த்தால் நிற்காது.

ஸ்காட் ரோலன் 2018இல் முதல் வருடம் 10.2 சதவீதம். 2023இல் 76.3, உள்ளே. லாரி வாக்கர் 20.3இல் தொடங்கினார், 2014இல் 10.2க்குச் சரிந்தார், கடைசி வாய்ப்பான 2020இல் 76.6. பில்லி வாக்னர் 10.5இலிருந்து 2025இல் 82.5. பிட்சர் பெர்ட் ப்ளைலெவன் 17.5இல் தொடங்கி, அடுத்த வருடம் 14.1க்கு இறங்கி, பதினான்காவது முயற்சியில் 2011இல் ஜெயித்தார்.

இவர்கள் யாரும் ஓட்டெடுப்பு நடந்த வருடங்களில் ஒரு பந்துகூட ஆடவில்லை. ப்ளைலெவனின் 3,701 ஸ்ட்ரைக்அவுட்டில் ஒன்றுகூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மாறியது ஓட்டுப் போட்டவர்களின் புரிதல். ஒருவர் எழுதினார், இன்னொருவர் படித்தார், மூன்றாமவர் பழைய ஸ்கோர் கார்டைப் புரட்டினார். புரிதலுக்கு நேரம் பிடித்தது. அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி ரால்ஃப் கைனர். 1960இல் அவருக்குக் கிடைத்தது மூன்றே மூன்று ஓட்டு, 1.1 சதவீதம். நல்லவேளை, அப்போது ஐந்து சதவீத விதி இல்லை. 1975இல், தன் கடைசி வாய்ப்பில், தேவைக்கு ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கி உள்ளே போனார். இன்றைய விதி அன்று இருந்திருந்தால் கைனரின் கதை 1960இலேயே முடிந்திருக்கும். விட்டேக்கரின் 2.9 கைனரின் 1.1ஐவிடப் பெரியது. இதுக்கு மேல என்ன சொல்ல?

விட்டேக்கரோடு சேர்ந்து ஆடிய ஷார்ட்ஸ்டாப் ஆலன் டிராமெலைப் பாருங்கள். இருவரும் 1977 செப்டம்பரில் ஒரே நாளில், ஒரே ஆட்டத்தில் அறிமுகமானார்கள். 1,918 ஆட்டங்கள் சேர்ந்து ஆடினார்கள். பந்து ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய், அங்கிருந்து முதல் பேஸுக்குப் பறந்து, ஒரே அடியில் இரண்டு பேர் அவுட். இந்த டபுள் ப்ளேவுக்கு இரண்டு ஆள் வேண்டும். பாதியை மட்டும் தனியாகச் செய்ய முடியாது. ஓட்டுக்கு வந்தபோது டிராமெலுக்கு முதல் வருடம் 15.7 சதவீதம். அதனால் பட்டியலில் தங்கினார். பதினைந்து வருடமும் தோற்றார். ஆனால் தோற்றுக்கொண்டே பேசப்பட்டார். 2017 டிசம்பரில் சிறு குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு மேடையில் நின்று, கூட்டத்தில் உட்கார்ந்திருந்த விட்டேக்கரைப் பார்த்து, ஒருநாள் நீயும் இங்கே வரவேண்டும் என்ற விருப்பத்தைச் சொன்னார்.

ஓர் ஆட்டக்காரர் தன் அணியின் வெற்றிக்கு எவ்வளவு கூட்டினார் என்று கணக்கிட 'வார்' என்றொரு அளவுகோல் உண்டு. அவருக்குப் பதில் சுமாரான ஒரு மாற்று ஆளை இறக்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட எத்தனை வெற்றி கூடுதல் என்ற மதிப்பீடு. டிராமெலுக்குச் சுமார் 70. விட்டேக்கருக்குச் சுமார் 75. ஒரு மனிதனின் ஆட்டத்தை ஒற்றை எண்ணில் அடக்க முடியாதுதான். ஆனால் இரண்டு பேரையும் பிரித்தது ஆட்டம் இல்லை என்று சொல்ல அந்த எண் போதும். டிராமெல் வெள்ளையர், விட்டேக்கர் கறுப்பினத்தவர். டிராமெல் பத்திரிகையாளர்களோடு எளிதாகப் பழகுவார், விட்டேக்கர் ஒதுங்கியே இருப்பார். இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று அளக்க முடியாது. ஓட்டுப் போட்டவர்கள் எல்லாரும் பத்திரிகையாளர்கள் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

1985 ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குப் போனபோது விட்டேக்கர் தன் சீருடையை மறந்துவிட்டார். கடையில் விற்கும் ரசிகர் சட்டையை வாங்கி, முதுகில் மார்க்கர் பேனாவால் எண்ணை எழுதிப் போட்டுக்கொண்டு ஆடினார். அந்தச் சட்டை இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நாட்டின் அருங்காட்சியகத்தில் அவர் மறதிக்கு இடம் இருக்கிறது. கூப்பர்ஸ்டவுனில் அவர் ஆட்டத்துக்கு இடமில்லை.

கூட்டம் அதிகமான வருடம்

2013ஐ எடுத்துக்கொள்வோம். பாண்ட்ஸ், க்ளெமன்ஸ், சாமி சோசா, மைக் பியாஸா, கர்ட் ஷில்லிங், க்ரெய்க் பிஜியோ எல்லாரும் அந்த ஒரே வருடம்தான் முதல்முறையாகப் பட்டியலுக்கு வந்தார்கள். ஊக்கமருந்துப் பிரச்சினையில் எழுத்தாளர்கள் இரண்டாகப் பிளந்து கிடந்தார்கள். பத்துப் பெயருக்கு மேல் எழுதவும் முடியாது. விளைவு: எழுத்தாளர்கள் ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தக் கோடையில் கூப்பர்ஸ்டவுன் மேடையில் கௌரவிக்கப்பட்ட மூவரும் சிறு குழு தேர்ந்தெடுத்தவர்கள். மூவருமே 1930களில் இறந்துபோனவர்கள். உயிரோடு இருக்கும் தலைமுறையில் தகுதியான ஆளே இல்லை என்று ஒரு மண்டபம் விழா எடுத்துச் சொன்னது.

அந்த நெரிசலில் நசுங்கியவர் கென்னி லாஃப்டன். 622 முறை பேஸ் திருடியவர். 1992 முதல் 1996 வரை ஐந்து வருடம் தொடர்ச்சியாக அமெரிக்கன் லீகில் அதில் முதலிடம். சென்டர் ஃபீல்டில் மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்க்கும் பந்துகளை ஓடிப்போய்ப் பிடித்தவர். அவருக்கு 3.2 சதவீதம். ஒரே வருடத்தில் முடிந்தது. இதே வகை ஆட்டக்காரரான டிம் ரெய்ன்ஸ் 2008இல் 24.3இல் தொடங்கி, 2017இல் கடைசி வாய்ப்பில் 86 சதவீதம் வாங்கினார். ரெய்ன்ஸுக்குக் கிடைத்த பத்து வருட வாதம் லாஃப்டனுக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. லாஃப்டன் செய்த தப்பு என்ன? தப்பான வருடத்தில் ரிடையர் ஆனது.

அடுத்த வருடம், 2014இல், 3,060 ஹிட் அடித்த பிஜியோ இரண்டே ஓட்டில் தோற்றார். 2015இல் தேர்வாகிவிட்டார், அதனால் அது வேடிக்கையான செய்தியாகப் போனது. 2018இல் பிட்சர் ஜோஹன் சன்டானா, இரண்டு முறை சை யங் விருது வாங்கியவர், 2.4 சதவீதத்தோடு ஒரே வருடத்தில் வெளியேறினார். அவருக்கு அடுத்த வருடம் கிடையாது. யாருக்கும் வேடிக்கையாகவும் படவில்லை.

'நல்லொழுக்கம்' என்ற ரப்பர்

துரத்தப்பட்டவர்கள் விஷயத்துக்கும் வருகிறேன். ஒதுக்கிவிட்டுப் போனால் தப்பித்த மாதிரி ஆகிவிடும்.

ஓட்டுப் போடும்போது ஆட்டத் திறமையோடு நேர்மை, விளையாட்டு உணர்வு, குணம் ஆகியவற்றையும் பார்க்கவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. 1940களிலிருந்து அச்சில் இருப்பது. இதை நேராகப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்து பாருங்கள்.

கேப் ஆன்சன். 1880களில் கறுப்பின ஆட்டக்காரர்களோடு ஆட மறுத்து, நிறவெறித் தடைக்குத் துணைநின்றவர். உள்ளே இருக்கிறார். கெனிசா மவுன்டன் லாண்டிஸ். 1920 முதல் 1944 வரை கமிஷனர். அந்தக் கால்நூற்றாண்டில் பெரிய லீகில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இறங்கவில்லை. உள்ளே இருக்கிறார். டாம் யாக்கி. அவருடைய பாஸ்டன் ரெட் சாக்ஸ்தான் கறுப்பின ஆட்டக்காரரை இறக்கிய கடைசி அணி, அதுவும் 1959இல். அவரும் உள்ளே. பந்தில் எதையாவது தடவிப் போடுவதைப் பற்றி, ஆடிக்கொண்டிருந்தபோதே புத்தகம் வெளியிட்ட கேலார்ட் பெர்ரி 1991இல் உள்ளே போனார்.

சரி, ஊக்கமருந்து. 1994 வேலைநிறுத்தத்தில் வேர்ல்ட் சீரிஸே ரத்தாகி, ரசிகர்கள் வெறுத்துப்போயிருந்தார்கள். 1998இல் மார்க் மக்வையர் 70, சாமி சோசா 66 என்று ஹோம் ரன் அடிக்க, கூட்டம் திரும்பி வந்தது. கல்லாப்பெட்டி நிறைந்தது. ஊரே கைதட்டியது, எழுத்தாளர்கள் காவியம் எழுதினார்கள். தண்டனையோடு கூடிய பரிசோதனை 2004இல்தான் வந்தது. அந்தக் காலம் முழுக்கத் தலைமையில் இருந்தவர் பட் செலிக். அவர் 2017இல் மண்டபத்துக்குள் போனார். ஏழு முறை எம்விபி வாங்கி, 762 ஹோம் ரன் அடித்த பாண்ட்ஸ் பத்தாவது முறையும் தோற்று, 2022இல் 66 சதவீதத்தோடு நின்றார். அதே வருடம் டேவிட் ஆர்டிஸ் முதல் முயற்சியிலேயே தேர்வானார். 2003இன் ரகசியப் பரிசோதனையில் அவர் பெயரும் இருந்ததாக 2009இல் செய்தி வந்தது. அவர் மறுத்தார், அந்த முடிவு தவறாக இருந்திருக்கலாம் என்று கமிஷனரே பிற்பாடு சொன்னார். சந்தேகத்தின் பலனை ஆர்டிஸுக்குக் கொடுத்ததில் எனக்குக் குறையில்லை. பலன் சிரித்த முகத்துக்கு மட்டும் கிடைக்கிறதே, அதுதான் குறை. பாண்ட்ஸ் பத்திரிகையாளர்களிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். ஆர்டிஸ் எல்லாருக்கும் செல்லம்.

பாண்ட்ஸ் ஊக்கமருந்து எடுக்கவில்லை என்று நான் வாதாடப்போவதில்லை. எடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரன், கணக்குப்பிள்ளை, வாயிற்காப்போன் எல்லாரும் பங்கு வாங்கிய திருட்டில் ஒருவனை மட்டும் வெளியே நிறுத்துவதற்குப் பெயர் ஒழுக்கம் இல்லை. அது பாவத்தை ஒரு ஆட்டின் தலையில் ஏற்றிக் காட்டுக்கு விரட்டும் சடங்கு.

ரோஸ் கதை வேறு. 4,256 ஹிட், பெரிய லீகில் எவரும் தாண்டாத எண். ஆனால் மானேஜராக இருந்தபோது தன் அணியின் ஆட்டத்திலேயே பந்தயம் கட்டினார். பதினைந்து வருடம் இல்லை என்று சாதித்துவிட்டு 2004இல் ஒத்துக்கொண்டார். விளையாட்டின் அடித்தளத்தையே அரிக்கும் காரியம் அது. தண்டனை நியாயம். ஆனால் 1989இல் தடை வந்தபிறகு, 1991இல் மண்டபம் அவசரமாக ஒரு விதி போட்டு, தடை செய்யப்பட்டவர் பெயர் ஓட்டுக்கே வரக்கூடாது என்றாக்கியது. ஓட்டுப் போடுபவர்களை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? 2024 செப்டம்பரில் ரோஸ் இறந்தார். 2025 மே மாதம், இறந்தவர்களுக்குத் தடை பொருந்தாது என்று கமிஷனர் அறிவித்தார். 1919 சூதாட்ட விவகாரத்தில் தடை பெற்று 1951இல் இறந்த ஷூலெஸ் ஜோ ஜாக்சனுக்கும் அன்றுதான் விடுதலை. செத்தபிறகு கதவு திறப்பதென்றால், எதற்காகப் பூட்டினார்கள்?

நண்பர்கள் குழு

எழுத்தாளர்கள் தவறவிட்டால் சிறு குழு சரிசெய்யும் என்கிறார்கள். செய்கிறது. யாருக்கு?

1970களில் பழைய ஆட்டக்காரர்களுக்கான குழுவில் ஃப்ராங்கி ஃப்ரிஷ் செல்வாக்கோடு இருந்தார். அந்தக் காலத்தில் அவருடைய முன்னாள் அணித் தோழர்கள் வரிசையாக உள்ளே போனார்கள்: ஜெஸ்ஸி ஹெய்ன்ஸ், சிக் ஹேஃபி, ஜார்ஜ் கெல்லி என்று. பழங்கதை என்று விட்டுவிடலாமா? 2018 டிசம்பரில் ஹெரால்ட் பெய்ன்ஸ் தேர்வானார். எழுத்தாளர்களிடம் ஒருமுறைகூட 6.1 சதவீதத்தைத் தாண்டாதவர். வார் 39க்குப் பக்கம், விட்டேக்கரில் பாதி. பதினாறு பேர் குழுவில் சரியாகப் பன்னிரண்டு ஓட்டு. அந்தக் குழுவில் அவரை ஆடவைத்த அணியின் முதலாளி ஜெர்ரி ரெய்ன்ஸ்டார்ஃப் இருந்தார், அவருடைய மானேஜராக இருந்த டோனி லா ரூஸா இருந்தார். பெய்ன்ஸ் நல்ல மனிதர், நல்ல ஆட்டக்காரர். அவர்மேல் வருத்தமில்லை. மாப்பிள்ளை வீட்டாரே நடுவராக உட்கார்ந்த பஞ்சாயத்தைச் சொல்கிறேன்.

நண்பர்களே உள்ளே விடுவார்கள் என்றால் எதிரிகள் என்ன செய்வார்கள்? ஆட்டக்காரர் சங்கத்தைக் கட்டியெழுப்பிய மார்வின் மில்லருக்கு 2007இல் கிடைத்தது பன்னிரண்டில் மூன்று ஓட்டு. அதே கூட்டத்தில் தேர்வானவர், மில்லர் சங்கத்தில் இருந்தபோது எதிர்த்தரப்பில் கமிஷனராக இருந்த போவி கூன். என் பெயரை இனி ஓட்டுக்கு வைக்காதீர்கள் என்று மில்லர் சொல்லிவிட்டார். 2012இல் இறந்தார். 2019இல் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்டக்காரனை அவன் சம்மதமில்லாமல் விற்கக்கூடாது என்று அதே கூனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1972இல் தோற்ற கர்ட் ஃப்ளட் இன்னும் உள்ளே இல்லை.

தாமதத்தின் விலை

இங்கேதான் விஷயம் விளையாட்டைத் தாண்டுகிறது.

ரான் சாண்டோ, சிகாகோ கப்ஸின் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர். நீரிழிவு நோயை வைத்துக்கொண்டே 342 ஹோம் ரன் அடித்தார். பின்னாளில் அதே நோயால் இரண்டு கால்களையும் இழந்தார். 1980இல் ஐந்து சதவீதத்துக்குக் கீழே போய் நீக்கப்பட்டவர். 2010 டிசம்பரில் இறந்தார். 2011 டிசம்பரில் தேர்வானார். ஒரு வருடம்.

டிக் ஆலன். 1972 எம்விபி. சொந்த ஊர் ரசிகர்கள் பொருட்களை வீசியதால் ஃபீல்டிங்கின்போதும் ஹெல்மெட் போட்டு நின்ற கறுப்பின ஆட்டக்காரர். 'தகராறு பிடித்தவர்' என்று பெயர் வாங்கினார். 2014இல் சிறு குழுவில் ஒரு ஓட்டில் தோற்றார். 2020 டிசம்பரில் கூடவேண்டிய குழு கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த டிசம்பர் 7 அன்று ஆலன் இறந்தார். 2021இல் மறுபடி ஒரே ஓட்டில் தோல்வி. 2024இல் தேர்வு. அவரோடு தேர்வான டேவ் பார்க்கர் செய்தியைக் கேட்க உயிரோடு இருந்தார். விழாவுக்கு ஒரு மாதம் முன்னால், 2025 ஜூனில், போய்விட்டார்.

பக் ஓ'நீல். நீக்ரோ லீக் ஆட்டக்காரர், பெரிய லீகின் முதல் கறுப்பினப் பயிற்சியாளர். 2006இல் அந்த லீகுகளிலிருந்து பதினேழு பேரை ஒரே தடவையில் தேர்ந்தெடுத்தார்கள். ஓ'நீல் பெயர் இல்லை. அந்த 94 வயது மனிதர் விழா மேடைக்கு வந்து, அந்தப் பதினேழு பேருக்காகப் பேசி, கூட்டத்தையே கைகோத்துப் பாடவைத்தார். மூன்று மாதத்தில் இறந்தார். 2021இல் தேர்ந்தெடுத்தார்கள்.

இதைத் "தாமதமான நீதி" என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. மன்னிக்கணும், செத்தவர் கையில் தகட்டைக் கொடுக்க முடியாது. சாண்டோ 2010இலும் 2011இலும் அதே ஆட்டக்காரர்தான். அந்த ஒரு வருடத்தில் புதிதாக நடந்தது ஒன்றே ஒன்று, அவர் சாவு. சாவை ஒரு தகுதியாக்கி வைத்திருக்கிறார்கள். இலக்கியம் படிக்கிற நமக்கு இது புதுசா என்ன? இருந்தவரை திரும்பிப் பார்க்காமல், போனபிறகு சிறப்பிதழ் போடுவது எல்லா ஊரிலும் நடக்கிற வேலைதான்.

"கதவைத் திறந்துவிட்டால் சந்தை ஆகிவிடும்"

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றுண்டு. மண்டபம் சின்னதாக இருந்தால்தான் மதிப்பு, எல்லாரையும் உள்ளே விட்டால் அது வெறும் டைரக்டரி. மதிக்கத்தக்க வாதம். ஆனால் அந்தச் சின்ன மண்டபம் எங்கே இருக்கிறது? 350க்கும் மேற்பட்டவர்களின் தகடுகள் தொங்கும் மண்டபம், ஃப்ரிஷின் தோழர்களும் பெய்ன்ஸும் இருக்கும் மண்டபம், விட்டேக்கரால் மலிவாகிவிடுமா? தரம் காக்கப்படவில்லை. வரிசை மட்டும் காக்கப்படுகிறது.

நான் கேட்பதும் பெரிய புரட்சி இல்லை. ஐந்து சதவீத விதியை முதல் மூன்று வருடங்களுக்கு நிறுத்தி வையுங்கள். முடியாத காரியமில்லை, 1985இல் அவர்களே சாண்டோவையும் ஆலனையும் மறுபடி பட்டியலில் சேர்த்தவர்கள்தான். பத்துப் பெயர் வரம்பை எடுங்கள். ஒருவர் தகுதியானவரா என்பது இன்னொருவர் அதே வருடம் ஓய்வு பெற்றாரா என்பதைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது. ஓட்டுகளை வெளிப்படையாக்குங்கள். தன் அணிக்காரன் பெயர் வந்தால் குழு உறுப்பினர் எழுந்து வெளியே போகட்டும். பாண்ட்ஸுக்குத் தகடு கொடுத்து, அதில் 762ஐயும் எழுதுங்கள், ஊக்கமருந்து விவகாரத்தையும் எழுதுங்கள். வெண்கலத்தில் உண்மையைப் பொறிக்க முடியாது என்று யார் சொன்னது?

அவர்கள் போகும் திசையோ எதிர்த்திசை. சிறு குழுவில் ஐந்து ஓட்டுக்குக் குறைவாக வாங்கினால் அடுத்த சுற்றுக்குத் தகுதி கிடையாது, இரண்டாம் முறையும் அப்படியென்றால் நிரந்தரமாக வெளியே என்று 2025இல் புது விதி போட்டிருக்கிறார்கள். ஐந்து சதவீதம் செய்த வேலையை இனி ஐந்து ஓட்டு செய்யும். அந்த டிசம்பரிலேயே பாண்ட்ஸும் க்ளெமன்ஸும் அதில் விழுந்தார்கள். வழக்கம்போல எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

அன்று குழுவின் முன் வைக்கப்பட்ட பெயர்கள் எட்டு. அதில் விட்டேக்கர் இல்லை. தோற்கக்கூட அவருக்கு வாய்ப்புத் தரவில்லை. அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கான குழு அடுத்து கூடும்போது 2028 டிசம்பர். 1957இல் பிறந்த மனிதருக்கு அப்போது 71 வயது. 2022இல் டெட்ராய்ட் அணி அவருடைய ஒன்றாம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அறிவித்து மைதானச் சுவரில் ஏற்றியது. அவர் நேரில் நின்று பார்த்தார். ஒரு கௌரவத்தை எப்படிக் கொடுக்கவேண்டும் என்பதற்கு அவ்வளவுதான் இலக்கணம். வாங்குகிறவன் அங்கே இருக்கவேண்டும்.